தாடிக்காரர் படமும் தோட்டத்துப் பாலும்: டன்லப் நிறுவனம் வீழ்ந்து எழுந்த வரலாறு

விடிவதற்கு முன் பெரட்டுக்குச் சென்று, நிரையில் இறங்கி, மரம் சீவி, மங்கில் வடிந்த பாலை வாளியில் சேர்த்துப் பால் கொட்டகையில் நிறுத்துக் கொடுத்துவிட்டால் தொழிலாளியின் அன்றைய கடமை முடிந்தது. ஆனால் அந்தப் பாலின் பயணம் அப்பொழுதுதான் தொடங்குகிறது. நான் ஆசிரியப் பணியில் இருந்த காலத்தில், தோட்டப் பள்ளியில் ஐந்தாம் ஆண்டு மாணவி ஒருத்தி, "சார், எங்கம்மா எடுக்கிற பாலெல்லாம் கடைசியில என்ன ஆகுது?" என்று கேட்டாள். "டயர் ஆகிறது" என்று ஒரே வரியில் விடை கூறிவிட்டுப் பாடத்தைத் தொடர்ந்தேன். விடை தவறன்று. உலகில் விளையும் இயற்கை ரப்பரில் ஏறக்குறைய பத்தில் ஏழு பங்கு டயருக்கே செல்கிறது. ஆயினும், அச்சிறுமியின் கேள்வி அவ்வளவு சுருக்கமான விடைக்குரியதன்று என்பதைப் பின்னரே உணர்ந்தேன்.

டயர் செய்யும் நிறுவனம் செழித்தால் தோட்டத்தில் என்ன நிகழ்கிறது? அந்நிறுவனம் நொடித்தால் யார் வீட்டு அடுப்பு அணைகிறது? இவற்றை அறிய, நம் நாட்டுத் தோட்டங்களோடு நெருங்கிய தொடர்பு கொண்டிருந்த டன்லப் நிறுவனத்தின் வரலாற்றைக் காண்போம். அது இருமுறை பெருவீழ்ச்சி கண்டு இருமுறையும் எழுந்தது. விளம்பரக் கலையிலும் அதற்குத் தனி வரலாறு உண்டு.

காற்றடைத்த குழாய்

அயர்லாந்துத் தீவிலுள்ள பெல்பாஸ்ட் நகரில் ஜான் பாய்ட் டன்லப் என்னும் கால்நடை மருத்துவர் வாழ்ந்தார். ஸ்காட்லாந்தில் 1840-ஆம் ஆண்டு பிறந்தவர். அவருடைய மகன் ஓட்டிய மூன்று சக்கர வண்டியில் அக்கால வழக்கப்படி கட்டி ரப்பர் வளையமே பொருத்தப்பட்டிருந்தது. கல் பாவிய தெருவில் அது கடகடவென ஆடியது. மெல்லிய ரப்பர் தகட்டைக் குழாயாக ஒட்டி, அதைத் துணியால் போர்த்தி ஒரு மரச்சக்கரத்தில் பொருத்திய டன்லப், பந்துக்குக் காற்றடிக்கும் குழலால் காற்றடைத்தார். அச்சக்கரத்தையும் பழைய சக்கரத்தையும் முற்றத்தில் உருட்டிவிட்டுப் பார்த்தார். பழையது பாதியில் சாய்ந்தது. காற்றடைத்ததோ முற்றத்தைக் கடந்து எதிரிலிருந்த கதவில் மோதி நின்றது. 1888-ஆம் ஆண்டு தம் கண்டுபிடிப்புக்கு அவர் காப்புரிமை பெற்றார்.

பொருள் நன்றாயிருந்தாலும் மக்கள் அதை நம்ப வேண்டுமல்லவா? பருத்த குழாய் சுற்றிய சக்கரத்தைக் கண்டு நகைத்தவர்களே மிகுதி. 1889 மே மாதத்தில் பெல்பாஸ்டில் நடைபெற்ற மிதிவண்டிப் பந்தயத்தில் வில்லியம் ஹியூம் என்னும் இளைஞர் டன்லப் டயர் பொருத்திய வண்டியை ஓட்டி வென்றார். தோற்றவர்களுள் ஹார்வி து குரோ என்ற காகித வணிகரின் புதல்வர்களும் இருந்தனர். பிள்ளைகள் தோற்றதைக் கண்ட தந்தை சினம் கொள்ளவில்லை; அந்த டயரைத் தயாரிக்கும் நிறுவனத்தைத் தொடங்க முன்வந்தார். டன்லப் நிறுவனத்தின் முதல் விளம்பரம் இவ்வாறு மைதானத்தில் அமைந்தது. பிற்காலத்தில் பிரான்சு நாட்டு லெ மான் கார்ப் பந்தயச் சாலைக்கு மேலே, பாதி புதைந்த பெரிய டயரைப் போன்ற நடைபாலத்தை அந்நிறுவனம் அமைத்ததும் அதே வழியைப் பின்பற்றியதேயாகும்.

ஈராண்டுக்குள் ஓர் இடி விழுந்தது. இராபர்ட் தாம்சன் என்பவர் 1845-ஆம் ஆண்டிலேயே காற்றடைத்த சக்கரத்துக்குக் காப்புரிமை பெற்றிருந்தது தெரிய வந்தது. டன்லப்பின் காப்புரிமை செல்லாது போயிற்று. வேறு சில நுட்பங்களின் உரிமையை விலைக்கு வாங்கி நிறுவனம் தப்பிப் பிழைத்தது. எனினும், வேறெவரும் எடுத்துக்கொள்ள இயலாத சொத்து ஒன்று அதனிடம் இருந்தது. அதுவே 'டன்லப்' என்னும் பெயரும், நீண்ட தாடியுடைய அம்மனிதரின் முகமும். அந்த முகமே வணிகச் சின்னமாயிற்று.

1896-இல் எர்னஸ்ட் ஹூலி என்ற வணிகர் அந்நிறுவனத்தை 3 மில்லியன் பவுனுக்கு வாங்கி, 5 மில்லியன் பவுனுக்குப் பங்குகளாகப் பொதுமக்களிடம் விற்றார். பிரபுக்களுக்குப் பணம் கொடுத்து அவர்கள் பெயரை இயக்குநர் பட்டியலில் சேர்த்ததே அவர் கையாண்ட உத்தி. பெயரைக் கண்டு மக்கள் மயங்கினர். இதுவும் ஒருவகை விளம்பரமே. ஆனால் நாம் மெச்சத்தக்க வகையன்று.

இதற்கிடையே டன்லப் அவர்கள் நிறுவனத்தை விட்டு விலகிவிட்டார். தம் பெயரால் பிறர் ஈட்டிய செல்வத்தில் அவருக்குக் கிடைத்தது சொற்பமே. முதுமையில் அவரை வருத்தியது பணமன்று, படம். நிறுவனத்தார் அவர் முகத்தை ஒரு நெட்டை மனிதனின் உடலோடு இணைத்து, உயரத் தொப்பியும் வெள்ளை உட்சட்டையும் கைத்தடியும் ஒற்றைக்கண் கண்ணாடியுமாக, மேனாமினுக்கிபோல் வரைந்து விளம்பரம் செய்தனர். எளிய வாழ்க்கை வாழ்ந்த அம்மருத்துவர் தம்மைக் கேலிக்குள்ளாக்கியதாக வழக்குத் தொடுத்தார். வழக்கு பிரிட்டனின் பிரபுக்கள் சபை வரை சென்றது. 1921 அக்டோபரில் அவர் காலமானார். அதே ஆண்டில் அவர் பெயர் தாங்கிய நிறுவனமும் மரணப் படுக்கையில் கிடந்தது.

முதல் வீழ்ச்சி

மோட்டார் வண்டிகள் பெருகவே, ரப்பரைச் சந்தையில் வாங்குவதைவிடத் தானே விளைவிப்பது நலமெனக் கருதிய டன்லப், 1910-ஆம் ஆண்டையொட்டி மலாயாவில் தோட்டங்களை வாங்கத் தொடங்கியது. முதல் உலகப் போர் முடிவதற்குள் பல்லாயிரம் ஏக்கர் அதன் வசமாயிற்று. நெகிரி செம்பிலான், மலாக்கா, ஜொகூர் மாநிலங்களில் தமிழகத்திலிருந்து வந்த நம் முன்னோர் காடழித்து நட்ட மரங்கள் அவை.

போருக்குப்பின் சில மாதங்கள் எங்கும் செழிப்பு. விலை மேலும் ஏறும் என்று நம்பிய நிறுவனத்தார், ரப்பரையும் டயருக்குரிய பருத்தியையும் எதிர்காலத்துக்காக அன்றைய உயர்ந்த விலையிலேயே வாங்க ஒப்பந்தம் செய்துகொண்டனர். நம் தோட்டத்துக் கடைக்காரர் ஒருவர், தீபாவளிக்கு எண்ணெய் விலை இருமடங்காகும் என்று எண்ணிக் கடன் வாங்கி நூறு டின் எண்ணெய் வாங்கி வைக்கிறார்; தீபாவளிக்கு முன் விலை பாதியாகிவிடுகிறது. அவர் நிலை என்னவோ அதுவே டன்லப்பின் நிலை. 1920-இன் தொடக்கத்தில் இராத்தல் இரண்டு ஷில்லிங்குக்கு மேல் விற்ற ரப்பர், அடுத்த ஆண்டில் ஒரு ஷில்லிங்குக்கும் கீழே இறங்கியது. போதாக்குறைக்கு, ஜேம்ஸ் ஒயிட் என்ற பங்குச் சூதாட்டக்காரரின் சொல்லுக்கு நிர்வாகத்தார் ஆடினர். 1921-இல் 8 மில்லியன் பவுனுக்கும் மேல் நட்டம். அக்காலத்தில் அது கேட்போரைத் திகைக்க வைத்த தொகை.

இலண்டனில் கணக்குப் புத்தகம் சிவந்தபோது இங்கே மங்குகள் கவிழ்ந்தன. 1920 நவம்பரிலேயே ரப்பர் உற்பத்தியாளர் சங்கம் உற்பத்தியில் கால் பங்கைக் குறைக்கும்படி தோட்டங்களைக் கேட்டுக்கொண்டது. சீவும் மரங்கள் குறைந்தால் சீவும் கைகளும் குறையவேண்டும். வேலையிழந்த பலர் கப்பலேறித் தமிழகம் திரும்பினர். அவர்களுள் ஒருவரும் எதிர்கால ஒப்பந்தம் எதிலும் கையெழுத்திட்டவரல்லர்.

கெடிஸ் துரை

நிறுவனத்தைக் காக்க 1922-இல் தலைமையேற்றவர் சர் எரிக் கெடிஸ். இந்தியாவில் ஆக்ராவில் 1875-ஆம் ஆண்டு பிறந்தவர். இளமையில் இந்திய இரயில்வேயில் பணி பயின்றவர். பின்னர் பிரிட்டனில் போக்குவரத்து அமைச்சராயிருந்தவர். அரசாங்கச் செலவை ஈவிரக்கமின்றி வெட்டும்படி பரிந்துரைத்ததால், 'கெடிஸ் கோடரி' என்னும் சொற்றொடரே ஆங்கில நாட்டில் வழங்கலாயிற்று.

அவர் டன்லப்பில் செய்தவை கண்ணைப் பறிக்கும் செயல்களல்ல. பழைய இயக்குநர்கள் விலகிய இடத்தில் கணக்கறிந்தவர்களை அமர்த்தினார். இழந்த பணத்தை இழந்ததாகவே ஒப்புக்கொண்டு மூலதனத்தைக் குறைத்து எழுதினார். ஒவ்வொரு பிரிவும் இவ்வளவே செலவிடலாம் என வரம்பு வகுத்து, செலவானது எவ்வளவு என்பதை அவ்வப்போது பார்க்கச் செய்தார். மாதச் சம்பளத்தைப் பிரித்து அரிசிக்கு, பள்ளிக்கு, சீட்டுக்கு என முடிந்து வைக்கும் நம் தாய்மார்கள் செய்வதும் இதுவேயன்றோ! பெரிய நிறுவனம் அதைச் செய்ய 8 மில்லியன் பவுனை இழக்க வேண்டியிருந்தது.

அடுத்து, டயர் ஒன்றையே நம்பியிராமல் ரப்பரால் வேறு எவை செய்யலாம் என ஆராய வழி வகுத்தார். 1929-இல் பர்மிங்காம் நகரிலுள்ள டன்லப் ஆய்வுக்கூடத்தில், ரப்பர்ப் பாலை மாவடிக்கும் கருவிகொண்டு முட்டை அடிப்பதுபோல் நுரைக்க அடித்து, அந்நுரையை அப்படியே உறையச் செய்து மெத்தையாக்கும் முறையைக் கண்டறிந்தனர். அதுவே 'டன்லப்பிலோ'. கட்டியாகவும் தகடாகவும் கப்பலேறிய ரப்பரேயன்றி, மரத்திலிருந்து வடியும் பாலுக்கும் தனிச் சந்தை உண்டாவதற்கு அத்தகைய பொருள்கள் துணை செய்தன. டென்னிஸ் மட்டை, கோல்ப் பந்து, காலணி எனப் பலவற்றிலும் அப்பெயர் பதிந்தது. டயர் வாங்க வழியில்லாதவனும் டன்லப் பெயரை நாள்தோறும் கண்டான்.

அரசு உதவியும் சேர்ந்தது. 1922 நவம்பரில் நடைமுறைக்கு வந்த ஸ்டீவன்சன் திட்டம் மலாயா, இலங்கை ரப்பர் ஏற்றுமதிக்கு வரம்பு விதித்தது. 1925-இல் விலை இராத்தல் நான்கு ஷில்லிங்கைத் தாண்டியது. 1928-இல் அத்திட்டம் கைவிடப்பட்டது.

கெடிஸ் 1937-இல் இறக்கும்வரை தலைவராக இருந்தார். நெகிரி செம்பிலானில் பஹாவ் நகருக்கு அருகே டன்லப்புக்குச் சொந்தமாயிருந்த கெடிஸ் தோட்டத்தின் பெயர் இவருடையதே. அங்கே பிறந்து வளர்ந்தவர்களிற் பலர், அது ஏதோ ஊரின் பெயரென்றே எண்ணியிருக்கக் கூடும்.

நிறுவனம் எழுந்தது, தொழிலாளி எழுந்தானா? 1930-இல் உலகப் பொருளாதார மந்தம் வந்தபோது, ஆடவருக்கு நாளொன்றுக்கு 50 காசாக இருந்த கூலி 40 காசாக வெட்டப்பட்டு, பின்னர் மேலும் இறங்கியது. மீண்டும் ஆயிரக்கணக்கானோர் தாயகம் அனுப்பப்பட்டனர். இரண்டாம் உலகப் போருக்காக ரப்பர் தேவை பெருகி விலை ஏறியபோதும் கூலி அதற்கேற்ப ஏறவில்லை. அக்குறையே 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் வேலைநிறுத்தமாக வெடித்தது. தலைவர்களுள் ஒருவரான ஆர்.எச். நாதன் மே மாதத்தில் கைது செய்யப்பட்டு நாடு கடத்தப்பட்டார். துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் உயிரிழந்தனர். விலை இறங்கும்போது உடனே இறங்கும் கூலி, விலை ஏறும்போது மட்டும் தாமதிப்பதேன் என்று அன்று கிள்ளானில் கேட்கப்பட்ட கேள்வி நியாயமானதே.

பெட்டாலிங் ஜெயாவில் டயர்

அந்நாளில் தோட்டத்து ரப்பர் தகடுகள் இரயிலேறி, கோலாலம்பூர் வழியாகப் பிரிக்ஃபீல்ட்ஸ் இரயில்வே குடியிருப்புகளைக் கடந்து, 1972-இல் கிள்ளான் துறைமுகம் எனப் பெயர் மாறிய போர்ட் சுவெட்டன்ஹம் சென்று கப்பலேறின. மாதங்கள் கழிந்து அதே துறைமுகத்தில் டயராக வந்திறங்கின. நாம் விற்றதை நாமே பன்மடங்கு விலை கொடுத்து வாங்கினோம். சுதந்திரத்துக்குப்பின், 1960-களின் தொடக்கத்தில், டன்லப் நிறுவனம் பெட்டாலிங் ஜெயாவில் டயர்த் தொழிற்சாலை அமைத்தபோதுதான் அந்நிலை மாறத் தொடங்கியது. 1972-இல் குட்இயர் நிறுவனம் ஷா ஆலமில் தொழிற்சாலை திறந்தது.

இங்கே தொழில் வளர்ந்துகொண்டிருந்தபோது தாய் நிறுவனம் பிரிட்டனில் மீண்டும் சரிந்துகொண்டிருந்தது. இம்முறை காரணம் சூதாட்டமன்று, மெத்தனம். பிரான்சின் மிஷெலின் நிறுவனம் 1946-இல் 'ரேடியல்' டயருக்குக் காப்புரிமை கோரியது. பழைய டயரின் உடலில் நூலிழைகள் சாய்வாகக் குறுக்கும் நெடுக்குமாக ஓடும். ரேடியலில் அவை ஒரு விளிம்பிலிருந்து மறுவிளிம்புக்கு நேராகச் செல்லும். தரையைத் தொடும் பகுதிக்கு அடியில் எஃகுப் பட்டை சுற்றப்பட்டிருக்கும். உருளும்போது சூடு குறைவு. எரிபொருள் செலவு குறைவு. ஆயுளோ மிக நீளம். அதன் மெல்லிய பக்கச் சுவர் ஓயாமல் வளைந்து நிமிர வேண்டியிருப்பதால், சூட்டைத் தாங்கி இறுகப் பற்றும் இயற்கை ரப்பர் அதற்குக் கூடுதலாகத் தேவை. செயற்கை ரப்பரின் போட்டியால் மங்கிய நம் ரப்பருக்கு ரேடியல் புத்துயிர் அளித்தது என்றே கூறலாம். விமானச் சக்கரத்தின் டயருக்கு இன்றும் இயற்கை ரப்பரே பெரிதும் வேண்டும்.

டன்லப் இம்மாற்றத்துக்குப் பிந்தி விழித்தது. 1971-இல் இத்தாலியின் பிரெலி நிறுவனத்தோடு செய்துகொண்ட கூட்டு, பத்தாண்டில் கசந்து முறிந்தது. 1979-இல் லிவர்பூல் நகரின் ஸ்பீக் தொழிற்சாலை மூடப்பட்டது. ஈராயிரத்துக்கும் மேற்பட்டோர் வேலையிழந்தனர். அந்நாளிலும் விளம்பரங்களுக்குக் குறைவில்லை. டன்லப் மட்டை ஏந்தியே ஜான் மெக்கன்ரோ டென்னிஸ் களங்களை ஆண்டார். டென்னிஸ் இரசிகர் அனைவரும் அறிந்த பெயர், டயர் வாங்குவோர் கண்ணில் பின்தங்கிய பெயராகிவிட்டது.

அப்பொழுது நிகழ்ந்தது, கதைகளில் மட்டுமே நாம் காண்பது. 1909-இல் டன்லப் ஜப்பானின் கோபே நகரில் ஒரு தொழிற்சாலை தொடங்கியிருந்தது. அது 1960-களில் சுமித்தோமோ குழுமத்தின் கைக்குச் சென்று, தாயைவிட நன்கு தொழில் கற்றுக்கொண்டது. 1983-இல் அந்தப் பிள்ளை நிறுவனமே தாயின் ஐரோப்பிய டயர்த் தொழிலை வாங்க ஒப்பந்தம் செய்தது. எஞ்சிய டன்லப்பை 1985-இல் பி.டி.ஆர். என்ற பிரிட்டிஷ் குழுமம் வாங்கியது. கோபேயிலிருந்து வந்தவர்கள் பழைய தொழிற்சாலைகளிலேயே, பெரும்பாலும் பழைய தொழிலாளரைக்கொண்டே வேலையைத் தொடங்கினர். கழிவைக் குறைத்தல், தரத்தை ஒவ்வொரு நிலையிலும் சோதித்தல், நிறுவனத்தின் நிலையைத் தொழிலாளரிடம் ஒளிக்காமல் எடுத்துரைத்தல் ஆகியவற்றில் கருத்துச் செலுத்தினர். சில ஆண்டுகளில் நட்டம் நின்றது. தொழிலாளர் மீது சுமத்தப்பட்டிருந்த பழிக்கு அதுவே விடையாயிற்று.

பெயர் மட்டும் போதாது

விளம்பரத்தின் ஆற்றலை நான் குறைத்துக் கூறவில்லை. மிஷெலின் நிறுவனம் 1898-இல் டயர்களை அடுக்கியதுபோன்ற பருத்த மனிதனைச் சின்னமாக்கியது. கார் வைத்திருப்போர் மிகுதியாகப் பயணம் செய்து டயரைத் தேய்க்கட்டும் என்று 1900-இல் வழிகாட்டி நூல் வெளியிட்டது. உணவகங்களுக்கு நட்சத்திரம் வழங்கும் அந்நூல் 2022 இறுதியில் கோலாலம்பூருக்கும் பினாங்குக்கும் வந்தது. நாசி லெமாக் சுவையைத் தீர்ப்புக் கூறுவது டயர்க் கம்பெனி என்றால் சிரிப்புத்தான் வருகிறது. சென்னையில் திருவொற்றியூர்க் கொட்டகையொன்றில் 1946-இல் மாம்மன் மாப்பிள்ளை என்பவர் குழந்தைகளுக்குரிய பலூன் செய்யத் தொடங்கினார். குடும்பத்து வங்கி 1938-இல் முறிந்து அனைத்தையும் இழந்தவர் அவர். அத்தொழிலே எம்.ஆர்.எப். டயர் நிறுவனமாக வளர்ந்தது. டயரைத் தலைக்குமேல் தூக்கிய பலசாலி 1960-களிலிருந்து அதன் அடையாளம்.

ஆனால் அதே சென்னையின் அம்பத்தூரிலும் கல்கத்தா அருகே சாகாகஞ்சிலும் டன்லப் தொழிற்சாலைகள் இருந்தன. ஒருகாலத்தில் இந்தியாவின் முன்னணி டயர் அவர்களுடையதே. 1980-களில் கைமாறிய அந்நிறுவனம் 1998-இல் முடங்கியது. 2005-இல் மற்றொருவர் வாங்கித் திறந்தும், 2011-இல் சாகாகஞ்சில் மீண்டும் வேலை நின்றது. அதே பெயர், அதே சின்னம். இயந்திரங்களைப் புதுப்பிக்காமலும் தொழிலாளரின் நிலுவையைத் தீர்க்காமலும் விட்டபின் தாடிக்காரர் படம் என் செய்யும்?

நம் நாட்டிலும் பெயர்கள் கைமாறின. டன்லப் தோட்டங்கள் 1980-களின் தொடக்கத்தில் மலேசியர் உடைமையாயின, 1990-இல் ஐ.ஓ.ஐ. நிறுவனம் அவற்றை வாங்கியது. பெட்டாலிங் ஜெயாத் தொழிற்சாலை சைம் டார்பி வழியாக 2003-இல் ஜெர்மனியின் கான்டினென்டல் நிறுவனத்தோடு இணைந்தது. ஷா ஆலம் குட்இயர் தொழிற்சாலை 2024 ஜூன் மாதத்தில் மூடப்பட்டது. 500-க்கும் மேற்பட்டோர் வேறு வேலை தேட நேர்ந்தது. 1990-களின் தொடக்கம்வரை உலகில் முதலிடம் வகித்த நம் ரப்பர் உற்பத்தியும் அதன்பின் சுருங்கியது. பல தோட்டங்களில் செம்பனை நின்றது.

2025-இல் சுமித்தோமோ நிறுவனம் ஐரோப்பா, வட அமெரிக்கா, ஆஸ்திரேலிய வட்டாரங்களில் 'டன்லப்' பெயரைப் பயன்படுத்தும் உரிமையைக் குட்இயரிடமிருந்து ஏறக்குறைய 700 மில்லியன் அமெரிக்க டாலருக்கு வாங்கியது. தொழிற்சாலைக்காகவோ தோட்டத்துக்காகவோ அன்று, முதன்மையாக அந்தப் பெயருக்காகவே அவ்வளவு விலை. அதன் மதிப்பில், பெல்பாஸ்ட் மருத்துவரின் முற்றத்துச் சோதனையோடு, பஹாவிலும் பிற ஊர்களிலும் பனியில் நடந்து மரம் சீவியவர்களின் உழைப்பும் சேர்ந்திருக்கிறது. கெடிஸ் தோட்டத் தமிழ்ப்பள்ளி இன்றும் அப்பெயரிலேயே வழங்குகிறது. அங்கே ஏதேனும் ஒரு பிள்ளை, "சார், கெடிஸ்னா யாரு?" என்று கேட்டால், ஆசிரியர் ஒரே வரியில் விடை கூறிவிட மாட்டார் என நம்புகிறேன்.